ஜப்பான்காரன் பொருளும் நம்ம செய்தியும்

2017 நவம்பரில் டோக்கியோ பக்கம் ஒரு ரயில் 20 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டது என்று சுகுபா எக்ஸ்பிரஸ் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? உலகம் முழுக்கச் செய்தியாகி, பாருங்கய்யா ஜப்பானை என்று இன்னமும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதற்கு முந்தைய மாதம்தான் ஜப்பானிய உலோகக் கம்பெனியான கோபே ஸ்டீல், தன் அலுமினியம், தாமிரப் பொருட்களின் தரச் சான்றிதழ்களில் எண்களைத் திருத்தி அனுப்பி வந்ததை ஒப்புக்கொண்டது. வாங்கிய கம்பெனிகள் 500க்கும் மேல். கார், விமானம், புல்லட் ரயில் எதுவும் பாக்கியில்லை. இதை யாரும் எனக்கு ஃபார்வர்ட் செய்யவில்லை.

பிசினஸ் பத்திரிகைகள் எழுதின, சரி. ஆனால் அங்கே ஜப்பான் தரமே கட்டுக்கதை என்ற ரேஞ்சில் எழுத்து. ஒன்று கும்பிட வேண்டும், இல்லையென்றால் சாயம் வெளுத்தது என்று கைதட்ட வேண்டும்.

நிசானை எடுத்துக்கொள்ளுங்கள். கார் வெளியே போகும் முன் கடைசிப் பரிசோதனையை அங்கீகாரம் பெற்றவர்தான் செய்ய வேண்டும் என்று அங்கே விதி. அது இல்லாதவர்கள் பார்த்துவிட்டு, இருப்பவருடைய முத்திரையை வாங்கிக் குத்தியிருக்கிறார்கள், அதுவும் 1979-இலிருந்தே நடந்திருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. சுமார் 12 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்த விதி ஜப்பானுக்குள் விற்கும் கார்களுக்கு மட்டும்தான், ஏற்றுமதி நிற்கவே இல்லை. வண்டி எப்படியும் நன்றாகத்தான் வரும் என்ற தெனாவட்டுதான் முத்திரையைச் சடங்காக்கியது என்பேன்.

ஏர்பேக் செய்த டக்காடா கம்பெனியையும் இந்த நிசான் விஷயத்தையும் ஒரே பட்டியலில் போடுகிறவர்களைப் பார்த்தால்தான் எரிச்சல். அங்கே ஏர்பேக்கை ஊதிப் பெருக்கும் இன்ஃப்ளேட்டர் வெடித்து, உலோகத் துண்டு பாய்ந்து ஆட்கள் செத்தார்கள். உள்ளே இருந்த அம்மோனியம் நைட்ரேட் ஈரமும் வெப்பமும் பட்டு நாளாக நாளாகக் கெட்டது. சோதனை முடிவுகளைத் திரித்ததை அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட அதே 2017-இல் கம்பெனி திவால்.

அப்புறம் டைஹாட்சு கார் கம்பெனி, 2023. பாதுகாப்புச் சோதனைகளில் 64 மாடல், 174 முறைகேடு, 1989 வரை பின்னால் போகிறது என்று எண்களை எல்லாரும் போட்டார்கள். பக்கவாட்டு மோதல் சோதனைக்குப் போன காரின் கதவு உட்பகுதியை, கடைக்கு வரும் காரில் இல்லாத மாதிரி மாற்றியிருந்தார்கள். ஏன் செய்தார்கள்? மாடலை முடிக்க மேலே இருந்து கொடுத்த கெடு அவ்வளவு இறுக்கம் என்று விசாரணைக் குழுவே எழுதியிருக்கிறது. டைஹாட்சு முழுக்க டொயோட்டாவின் சொத்து. எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உற்பத்தி லைனையே நிறுத்தலாம் என்று உலகத்துக்கே பாடம் நடத்திய டொயோட்டா! அதன் வீட்டுக்குள்ளேயே நேரம் போதாது என்று சொல்ல ஆளில்லாமல் போனது எப்படி? நான் படிக்க நினைக்கும் கட்டுரை இதுதான். (ஜப்பானியர் பண்பாடு என்று தயவுசெய்து கமெண்டில் ஆரம்பிக்காதீர்கள்.) விஷயம் வெளியே வந்ததே உள்ளே இருந்து கிளம்பிய ஒரு புகாரால்தான், அதைப் பற்றி ஒரு வரிக்கு மேல் நான் எங்கும் பார்க்கவில்லை.