மணிக்கு எத்தனை கெக் என்று சொல்லாதீர்கள், கழுவுமா என்று சொல்லுங்கள்

எங்கள் சிறிய பீர் ஆலைக்குக் கெக், அதாவது பீர் அடைக்கும் உலோகப் பீப்பாய், கழுவும் இயந்திரம் தேடி மூன்று மாதம் ஆகிறது. வந்த விற்பனையாளர்கள் அத்தனை பேரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "மணிக்கு 30 கெக்." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அந்த 30 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இல்லை. கெக்கைக் கழுவும் 30 லிட்டர் காஸ்டிக் சோடாக் கரைசலை 25 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குக் கொண்டுவர 3 கிலோவாட் ஹீட்டருக்கு அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அது கணக்கில் இல்லை. கெக்கைத் தூக்கி வைப்பதும் இறக்குவதும் கணக்கில் இல்லை. ஒரு பக்கம் எஸ் வகை வால்வு, இன்னொரு பக்கம் டி வகை வால்வு என்று கெக்குகள் கலந்து வரும்போது, வால்வில் பொருத்தும் இணைப்பானான கப்ளரை மாற்றும் நேரமும் இல்லை. கழுவுகிற நேரத்தையே குறைத்துத்தான் அந்த எண்ணை எட்டியிருக்கிறார்கள்.

எனக்கு ரத்தம் கொதிப்பது இதற்கல்ல. போன வருடம் இப்படி ஓர் எண்ணை நம்பி ஓர் இயந்திரம் வாங்கினோம். சில வாரங்களில் வாடிக்கையாளர் ஒருவர் கெக்கைத் திருப்பி அனுப்பினார், பீர் புளித்திருந்தது. வாயுவை வெளியேற்றிவிட்டு, பீர் வெளியே வரும் நடுக்குழாயைக் கழற்றிப் பார்த்தேன். உள்சுவர் பளபளவென்று இருக்கிறது, குழாயின் வெளிப்பக்கம் முழுக்கப் பழுப்புப் படிவம்! கெக்கைத் தலைகீழாக வைத்துக் கழுவும்போது கரைசல் குழாய் வழியே மேலேறி, அடித்தட்டில் மோதி, சுவர் வழியே வழிகிறது. ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டே இருந்தால் குழாயின் வெளிப்பக்கம் நனைவதே இல்லை. இடையிடையே ஓட்டத்தைக் குறைத்தால்தான் கரைசல் குழாயை ஒட்டி இறங்கும். இதைச் செய்ய அந்த இயந்திரத்தில் வழியே இல்லை. இதுகூடத் தெரியாமலா ஒருவர் இதை வடிவமைத்தார்?

அடுத்தது கரியமில வாயு. திரும்பி வரும் கெக்கில் அதுதான் நிறைந்திருக்கும். காற்றை ஊதி அதை வெளியேற்றாமல் காஸ்டிக் கரைசலை விட்டால், வாயு காஸ்டிக்கைத் தின்று சோடியம் கார்பனேட் ஆக்கிவிடும். சாதாரணக் காற்றழுத்தத்தில் 50 லிட்டர் கெக் ஒன்றில் இருக்கும் வாயு முழுவதும் கரைந்தால் சுமார் 165 கிராம் காஸ்டிக் சோடா போய்விடும். 30 லிட்டர் டேங்கில் 2 சதவீதக் கரைசல் என்றால் இருப்பதே 600 கிராம்தான். நாலாவது கெக்குக்குள் டேங்கில் காஸ்டிக் காலி! அதன்பின் நாம் கழுவுவது வெறும் வெந்நீரில். "காற்று ஊதும் கட்டம் இருக்கிறதா?" என்று கேட்டேன். "தேவைப்பட்டால் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். தனியாகவா? அது இல்லாமல் எப்படிக் கழுவுவது?

அமிலத்துக்கும் இதே கதைதான். கெக்கின் உள்ளே படியும் பீர்க்கல் என்பது கால்சியம் ஆக்சலேட். காஸ்டிக்குக்கு அசையாது, அமிலம் வேண்டும். மூன்று பேர் காட்டிய இயந்திரங்களில் இருப்பது ஒரே டேங்க். காஸ்டிக்கைக் கொட்டிவிட்டு அமிலம் நிரப்பு, பிறகு மறுபடி மாற்று என்கிறார்கள். வேலை செய்வது நாங்கள், ரசாயனத்துக்குப் பணம் கட்டுவது நாங்கள், கழிவுநீருக்குப் பதில் சொல்வதும் நாங்கள். சீல் எந்த ரப்பர் என்றால் "நல்ல ரப்பர்" என்று பதில் வருகிறது. சூடான காஸ்டிக்கைத் தாங்குவது ஈபிடிஎம்மா, வேறொன்றா என்று சொல்லத் தெரியாதவரிடம் நான் எப்படிப் பணத்தைக் கொடுப்பது?

விலை கேட்டால் மட்டும் "நேரில் பேசலாம்".

நாளைக்கு இன்னொருவர் வருகிறார். மூன்று வாரமாகக் கழுவாமல் ஒரு கெக்கை அவருக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். அவர் கொண்டுவரும் இயந்திரத்தில் அதை அவரே கழுவட்டும். முடிந்ததும் அழுத்தத்தை வெளியேற்றி, நடுக்குழாயை உருவி, டார்ச் அடித்துப் பார்ப்பேன். பழுப்பு தெரிந்தால் வண்டியிலிருந்து எதையும் இறக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிட்டேன்.