மஞ்சள் பையில் அரை கிலோ

ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு செம்மண் கிராமம். சித்திரை மாதம். சென்னையில் கணினி வேலை பார்க்கும் மாப்பிள்ளை பத்து நாள் விடுப்பில் வந்திருக்கிறார். மாமியாரின் ஒன்றரை ஏக்கர் காட்டை அறிவியல் முறைக்கு மாற்றிவிட்டுத்தான் பஸ் ஏறுவதாகத் திட்டம். வீட்டு மாப்பிள்ளை என்பதால் அத்தையால் வாய்விட்டுத் திட்டவும் முடியாது.

முதல் நாள், திண்ணை

அத்தை: வாங்க மாப்பிள்ளை. முட்டி வரைக்கும் மண்ணாக இருக்கிறதே, வாய்க்காலில் விழுந்துவிட்டீர்களா?

மாப்பிள்ளை: மண் மாதிரி எடுத்துவிட்டு வருகிறேன் அத்தை. ஆய்வுக்குக் கொடுத்தால் தழை, மணி, சாம்பல், அதாவது நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மூன்று சத்தும் எவ்வளவு இருக்கிறதென்று சொல்லிவிடுவார்கள். அதைப் பார்த்துத்தான் ஆடியில் துவரைக்கு உரம். கண்ணை மூடிக்கொண்டு மூட்டையைப் பிரிக்கக் கூடாது.

அத்தை: நல்ல காரியம். எந்த இடத்தில் எடுத்தீர்கள்?

மாப்பிள்ளை: வேப்பமரத்தடியில்.

அத்தை: ஏன் அங்கே?

மாப்பிள்ளை: நிழலாக இருந்தது.

அத்தை: மண்ணுக்கா, உங்களுக்கா?

மாப்பிள்ளை: இரண்டு பேருக்கும்தான்.

அத்தை: கோபித்துக்கொள்ளாதீர்கள் மாப்பிள்ளை. மரத்தடி, வரப்போரம், எருக்குழி பக்கம், இங்கெல்லாம் எடுக்கக் கூடாது. அந்த மரத்தடியில் வருஷக்கணக்காக இலை மக்கிக் கிடக்கிறது. போதாததற்கு ஆடு வேறு அங்கேதான் படுக்கிறது. ஆடு படுத்த இடம் வாங்குகிற மார்க்கை வைத்து மொத்தக் காட்டுக்கும் பாஸ் போட்டால் எப்படி?

மாப்பிள்ளை: அப்படியானால் எப்படி எடுப்பது?

அத்தை: காட்டுக்குள் பாம்பு போகிற மாதிரி வளைந்து வளைந்து நடங்கள். பத்துப் பன்னிரண்டு இடத்தில் மேல்குப்பையைக் கையால் ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் இங்கிலீஷ் 'வி' எழுத்து மாதிரி அரை அடி ஆழம் வெட்டுங்கள். அந்த மண் வேண்டாம், தள்ளிவிடுங்கள். குழியின் சாய்ந்த பக்கத்தை மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு விரல் கனத்துக்குச் சீவி எடுப்பதுதான் கணக்கு. எல்லாக் குழி மண்ணையும் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்கு இரண்டைக் கொட்டிவிட வேண்டும். மிச்சத்தை மறுபடி கலந்து மறுபடி நாலு பங்கு. அரை கிலோ மிஞ்சும் வரைக்கும் இதே வேலை.

மாப்பிள்ளை: இதெல்லாம் உங்களுக்கு எப்படி அத்தை தெரியும்?

அத்தை: மண்ணைச் சோதித்து அரசாங்கம் கொடுக்கிற மண்வள அட்டை 2015-இல் வந்த திட்டம். உங்கள் கல்யாணத்துக்கு முந்தியே நம் வீட்டில் ஒன்று இருக்கிறது. சாமி படத்துக்குப் பின்னால் பாருங்கள். பழசாகிவிட்டது, புதிதாக எடுக்க வேண்டியதுதான். பைக்குள் சீட்டு மட்டும் மறக்காதீர்கள். பெயர், சர்வே எண், அடுத்து போடப்போகிற பயிர், மூன்றும் எழுத வேண்டும்.

மூன்றாம் நாள், மொட்டை மாடி

மாப்பிள்ளை: பார்த்தீர்களா அத்தை, பன்னிரண்டு குழி! கையில் மூன்று கொப்புளம். மண் நன்றாகக் காயட்டும் என்று நடுவெயிலில் பரப்பிவிட்டேன்.

அத்தை: சரி. அங்கே இருந்த என் மோர் மிளகாய்?

மாப்பிள்ளை: அது பாவம், சுருங்கிப் போயிருந்தது. தண்ணீர்த் தொட்டி நிழலுக்குத் தள்ளி வைத்தேன்.

அத்தை: மிளகாய்க்குப் பாவம் பார்த்த மனுஷரை இன்றுதான் பார்க்கிறேன். மாப்பிள்ளை, நிழலில் காய வேண்டியது மண். வெயிலில் காய வேண்டியது மிளகாய். நீங்கள் இரண்டையும் இடம் மாற்றிவிட்டீர்கள்.

மாப்பிள்ளை: எல்லாம் காய்வதுதானே?

அத்தை: அந்த மிளகாயைக் காம்பு கிள்ளாமல், நுனியில் கீறி, புளித்த தயிரிலும் கல்லுப்பிலும் இரண்டு நாள் ஊறப் போட்டேன். இனிமேல் பகலெல்லாம் வெயில். சாயங்காலம் திரும்ப அதே மோருக்குள். மோர் முழுக்க வற்றும் வரைக்கும் இப்படித்தான். கடைசியில் வெளுத்து, ஒடித்தால் சடக்கென்று சத்தம் வர வேண்டும். ஈரம் தங்கினால் ஜாடிக்குள் பூஞ்சை பூத்துவிடும். எண்ணெயில் போடும்போதுதான் அது தெரியும். அதற்குள் நீங்கள் ஊருக்குப் போயிருப்பீர்கள்.

மாப்பிள்ளை: சரி அத்தை, மாற்றி வைத்துவிடுகிறேன். காக்காய் வந்தால்? பறவைக்குக் காரம் உறைக்காதாம், படித்திருக்கிறேன்.

அத்தை: அப்படியா? அப்புறம் ஏன் யோசிக்கிறீர்கள், குச்சியை எடுத்துக்கொண்டு இங்கேயே உட்காருங்கள்.

ஆறாம் நாள், சமையற்கட்டு

(மாப்பிள்ளை வெயிலில் அலைந்து வந்திருக்கிறார். கையில் மஞ்சள் பை.)

அத்தை: என்ன மாப்பிள்ளை, ஆய்வுக்கூடத்தில் பையை வாங்கிக்கொள்ளவில்லையா?

மாப்பிள்ளை: பிரித்துப் பார்த்தார்கள். பார்த்தவர் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் சீட்டை எடுத்துச் சத்தமாகப் படித்தார்.

அத்தை: என்னவென்று?

மாப்பிள்ளை: "அடுத்து போடப்போகும் பயிர் துவரை என்று எழுதியிருக்கிறீர்கள் சார். பைக்குள் ஏற்கெனவே விளைந்துவிட்டதே!"

அத்தை: ஐயையோ! நான் செம்மண் கட்டி வைத்த துவரை அது!

மாப்பிள்ளை: தின்கிற பொருளுக்கு ஏன் அத்தை மண் பூசுகிறீர்கள்?

அத்தை: பூச்சி அண்டாது, அதற்குத்தான். செம்மண்ணைக் குழைத்துப் பூசி, ஒரு ராத்திரி குவித்து வைத்து, வெயிலில் காயவிட்டால், திரிகையில் உடைக்கும்போது தோலும் லேசாகக் கழன்று வரும். பிரித்துப் பார்க்காமலா சீட்டைப் போட்டீர்கள்?

மாப்பிள்ளை: மேலே செம்மண் நிறம் தெரிந்தது. நம் மண்தான் என்று சீட்டைச் செருகிவிட்டேன். போகட்டும், என் பை எங்கே? பன்னிரண்டு குழி மண் அத்தை!

அத்தை: அது... மஞ்சள் பையா?

மாப்பிள்ளை: ஆமாம்.

அத்தை: அலமாரியில், எண்ணெய்த் தூக்குக்குப் பக்கத்திலா?

மாப்பிள்ளை: ஆமாம், ஆமாம்.

அத்தை: கல், வேர் எதுவும் இல்லாமல் பதமாக இருந்தது. உங்கள் மாமாதான் எனக்காக எடுத்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் ஒருநாளும் அப்படிச் செய்கிற ஆள் இல்லை, அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மாப்பிள்ளை: என்ன செய்தீர்கள்?

அத்தை: குழைத்து, மீதித் துவரைக்குப் பூசிவிட்டேன்.

(கொஞ்ச நேரம் மாடியில் காக்காய்ச் சத்தம் மட்டும் கேட்கிறது.)

மாப்பிள்ளை: மண்வெட்டி எங்கே அத்தை?

அத்தை: வேப்பமரத்தடியில். எடுத்துக்கொண்டு நடங்கள் மாப்பிள்ளை, அங்கேயே தோண்ட ஆரம்பித்துவிடாதீர்கள்.