சராசரியை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் யார் பெரிய ஸ்கோரர் என்று பேச்சை எடுத்தாலே போதும், யாராவது ஒருவர் "ஆட்டத்துக்கு இத்தனை பாயின்ட்" என்ற ஒற்றை எண்ணை எடுத்து மூஞ்சியில் வீசிவிடுகிறார். "இவன் 31, அவன் 30. அப்புறம் என்ன பேச்சு?" அத்தோடு வாதம் முடிந்துவிட்டதாம். கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த 31 பாயின்ட்டை எடுக்க எத்தனை ஷாட் அடித்தார், அதில் எத்தனை வீணாய்ப் போயிற்று, எத்தனை நிமிடம் களத்தில் நின்றார் என்று ஒரு கேள்வியாவது கேட்க வேண்டாமா?

31, 30 என்று சும்மா சொல்லவில்லை. 2001-02 சீசனில் ஆலன் ஐவர்சன் ஆட்டத்துக்கு 31.4 பாயின்ட். 2015-16 சீசனில் ஸ்டெஃபன் கரி 30.1. சராசரியை மட்டும் பார்த்தால் ஐவர்சன்தான் ஒரு படி மேலே. இப்போது மற்ற எண்களையும் பாருங்கள். ஐவர்சன் ஆட்டத்துக்கு அடித்த ஷாட் 27.8, ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குப் பதிலாகத் தடையில்லாமல் அடிக்கக் கிடைக்கும் வாய்ப்பு, உள்ளே போனால் ஒரு பாயின்ட்) 9.8. கரி அடித்தது 20.2 ஷாட், 5.1 ஃப்ரீ த்ரோ. ஐவர்சன் ஏறக்குறைய 44 நிமிடம் ஆடினார், கரி 34 நிமிடம். பத்து நிமிடம் குறைவாக ஆடி, ஏழெட்டு ஷாட் குறைவாக அடித்து, கிட்டத்தட்ட அதே பாயின்ட்டை எடுத்திருக்கிறார் மனுஷன். அந்த ஏழெட்டு ஷாட் காற்றில் கரைந்து போகவில்லை. அது கரியின் அணியில் வேறு ஒருவர் கைக்குப் போயிருக்கிறது, அவரும் பாயின்ட் எடுத்திருக்கிறார். இதைக் கணக்கில் சேர்க்காமல் எப்படி ஐயா தீர்ப்பு எழுதுகிறீர்கள்?

இதற்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது. ட்ரூ ஷூட்டிங் என்பார்கள், கிடைத்த வாய்ப்பை ஒருவர் எவ்வளவு பாயின்ட்டாக மாற்றினார் என்று காட்டுவது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44 ஆல் பெருக்கி ஷாட் எண்ணிக்கையோடு கூட்டுங்கள், அதை இரட்டிப்பாக்கி, எடுத்த பாயின்ட்டை அதால் வகுங்கள். 0.44 எதற்கென்றால், ஒரு ஷாட்டுக்குப் பதிலாக எப்போதும் இரண்டு ஃப்ரீ த்ரோ வந்தால் பாதி, அதாவது 0.5 என்று வைக்கலாம், ஆனால் எல்லா ஃப்ரீ த்ரோவும் இரண்டிரண்டாக வருவதில்லை. கூடை போட்டபின் கிடைக்கும் ஒற்றை வாய்ப்பு, டெக்னிக்கல் ஃபவுலுக்குக் கிடைப்பது, மூன்று பாயின்ட் ஷாட்டில் ஃபவுல் ஆனால் கிடைக்கும் மூன்று வாய்ப்பு எல்லாம் கலந்திருப்பதால் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வைத்திருக்கிறார்கள். போட்டுப் பார்த்தால் ஐவர்சனுக்கு 49 சதவீதத்தைத் தொடவில்லை, கரிக்கு 67ஐ ஒட்டி வருகிறது. "காலம் வேறு" என்பீர்கள். சரி, வேறுதான். ஐவர்சன் ஆடிய அந்த ஆண்டு லீக் சராசரியே 52 சதவீதம், அவர் அதற்குக் கீழே. கரியின் ஆண்டில் 54, அவர் அதற்குப் பன்னிரண்டு புள்ளிக்கும் மேலே.

ஐவர்சனைக் குறை சொல்ல நான் வரவில்லை, அவரை எனக்கு ரொம்பவே பிடிக்கும். ஃபிலடெல்ஃபியா அணியில் அவரை விட்டால் ஷாட்டை உருவாக்க ஆள் கிடையாது. ஷாட் அடிக்க அணிக்குக் கிடைக்கும் 24 விநாடி முடியப்போகும்போது பந்து அவர் கையில்தான் வந்து நிற்கும், மூன்று பேர் சூழ்ந்திருந்தாலும் அடித்தே ஆக வேண்டும். அதைச் சொல்லி வாதாடுங்கள், உட்கார்ந்து கேட்கிறேன். அதை விட்டுவிட்டு 31.4 என்ற எண்ணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளாதீர்கள்.

அடுத்து வில்ட் சேம்பர்லின். அவர் பெயர் வந்தாலே இரண்டு கோஷ்டி கிளம்பிவிடும். ஒரு கோஷ்டி 1961-62 சீசனின் 50.4 சராசரியைக் காட்டி, இனி யாரும் வாயே திறக்கக் கூடாது என்கிறது. இன்னொன்று, அந்தக் காலத்தில் எதிரே ஆடியவர்கள் எல்லாம் ஒப்புக்குச் சப்பாணி என்று மொத்தமாகத் தள்ளுகிறது. இரண்டு கோஷ்டியும் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை. அந்த சீசனில் ஒரு அணி சராசரியாக ஆட்டத்துக்கு 100 ஷாட்டுக்கும் மேல் அடித்தது, இப்போது 90ஐ ஒட்டித்தான். ஓட்டம் அவ்வளவு வேகம். சேம்பர்லின் மட்டும் ஆட்டத்துக்கு 39.5 ஷாட் அடித்தார், 48.5 நிமிடம் ஆடினார். ஒரு ஆட்டமே 48 நிமிடம்தான், மீதி கூடுதல் நேரத்தில் வந்தது. 1962 மார்ச் 2 அன்று நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக 100 பாயின்ட் எடுத்தபோது 63 ஷாட் அடித்து 36ஐப் போட்டார், 32 ஃப்ரீ த்ரோவில் 28ஐப் போட்டார். ஆக, 50.4ஐ இன்றைய எண்களுக்குப் பக்கத்தில் அப்படியே கொண்டுவந்து நிறுத்துவது தப்பு. அதற்காக அவரைத் தள்ளிவிடவும் முடியாது, ஏனென்றால் அத்தனை ஷாட் அடித்தும் அவருடைய ட்ரூ ஷூட்டிங் லீக் சராசரியை விட நன்றாகவே மேலே இருந்தது.

இன்னொன்று. வாழ்நாள் சராசரியில் மைக்கேல் ஜோர்டன் 30.12, சேம்பர்லின் 30.07. இந்த 0.05ஐ வைத்துக்கொண்டு விடிய விடியச் சண்டை போடுகிறார்கள். ஓய்வு பெற்றுத் திரும்பி வந்து வாஷிங்டனுக்கு இரண்டு சீசன் ஆடியதில் ஜோர்டனின் சராசரி இறங்கியது. சேம்பர்லின் 1966-67ல் ஷாட்டைக் குறைத்துப் பந்தைப் பகிர்ந்து ஆடினார், சராசரி 24.1க்கு வந்தது, அணி சாம்பியன் ஆனது. கடைசி சீசனில் 13.2தான், ஆனால் அடித்த ஷாட்டில் 72.7 சதவீதம் உள்ளே போனது. அணிக்காக ஷாட்டை விட்டுக்கொடுத்த ஆண்டுகளால்தான் அவர் இரண்டாம் இடத்துக்கு வந்தார் என்றால், அந்த வரிசை யார் பெரிய ஸ்கோரர் என்பதைச் சொல்கிறதா?

சீசனின் முதல் ஸ்கோரருக்குக் கொடுக்கும் ஸ்கோரிங் பட்டமும் இதே கதைதான். 1968-69 வரை மொத்த பாயின்ட்டுக்குப் பட்டம், அதற்குப் பிறகு சராசரிக்கு. 1978 ஏப்ரல் 9, சீசனின் கடைசி நாள். மதியம் டேவிட் தாம்சன் 73 பாயின்ட் எடுத்து முந்தினார். ஜார்ஜ் கெர்வின் பட்டத்தை எடுக்க அன்று மாலை 58 பாயின்ட் வேண்டும். அதைக் கணக்குப் போட்டுக்கொண்டே களமிறங்கி 63 எடுத்தார். கடைசியில் கெர்வின் 27.22, தாம்சன் 27.15. இரண்டு பேர் அணியும் அன்று தோற்றது. தாம்சனின் அணி தோற்றது இரண்டே பாயின்ட்டில். இருவரும் அற்புதமான ஆட்டக்காரர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் "பட்டம் வாங்கியவர், ஆகவே சிறந்தவர்" என்று அடித்துச் சொல்கிறவர்கள், இந்த 0.07 எப்படி வந்தது என்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இதைவிடக் கொடுமை வடிகட்டிக் காட்டும் வேலை. "25 வயதுக்குள், வெளியூர் மைதானத்தில், தொடர்ந்து இத்தனை ஆட்டத்தில், இத்தனைக்கு மேல் எடுத்த ஒரே ஆள்!" நிபந்தனையை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் கடைசியில் ஒருவர்தானே மிஞ்சுவார்? முடிவை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு எண்ணைத் தேடிப் போகிறார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கடைசி ஐந்து நிமிடம், ஐந்து பாயின்ட் வித்தியாசத்துக்குள் இருக்கும்போது எடுத்த பாயின்ட்டைத்தான் 'கிளட்ச்' என்று கணக்கெடுக்கிறார்கள். ஒரு சீசனில் ஒருவருக்கு அப்படிக் கிடைக்கும் ஷாட் எத்தனை இருக்கும்? அதை வைத்து ஒருவரைத் தொடைநடுங்கி என்று எழுதக் கொஞ்சமாவது கூச வேண்டாமா?

ஃப்ரீ த்ரோவில் எடுத்ததைப் பாயின்ட்டாகவே மதிக்காதவர்கள் வேறு இருக்கிறார்கள். அவர்களிடம் ஏட்ரியன் டான்ட்லியைப் பற்றிச் சொன்னால் "யார் அது?" என்கிறார்கள். 1983-84ல் யூட்டா அணிக்கு ஆட்டத்துக்கு 30.6 பாயின்ட், லீக்கில் அந்த ஆண்டு அவர்தான் முதலிடம். அடித்தது வெறும் 18.2 ஷாட். வளையத்துக்கு அருகே, தன்னைவிட உயரமானவர்கள் நடுவே நின்று, பந்தை ஏந்தி ஏமாற்றி, எதிராளியைக் குதிக்க வைத்து, மேலே வந்து விழச்செய்து, ஆட்டத்துக்கு 12 ஃப்ரீ த்ரோ அடித்தார். அடித்ததில் நூற்றுக்கு 86 உள்ளே. அடி வாங்கி எடுத்த பாயின்ட் அது. எதிரணியின் பெரிய ஆட்களுக்கு ஃபவுல் ஏறி, அவர்கள் பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் அதில்தான் நடந்தது. அதை எந்தக் கணக்கில் கழிக்கிறீர்கள்? ஸ்கோர் பலகையில் அந்தப் பாயின்ட்டுக்குத் தனி நிறம் கிடையாது. 1991ல் என்பிஏவை விட்டுப் போனவருக்கு கூடைப்பந்து ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் கதவு 2008ல்தான் திறந்தது. அவரை இன்றும் எந்தப் பட்டியலிலும் சேர்க்காமல் சிறந்த ஸ்கோரர்கள் பத்துப் பேர், இருபது பேர் என்று போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.