அது பேய் ஊர் இல்லை, ஸ்டேஷன்

அந்த வீடியோவை நானும் பார்த்துவிட்டேன், இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். இடிந்த சுவரைக் காட்டி, பின்னால் நாய் ஊளையிடும் சத்தத்தைச் சேர்த்து, "பேய் ஊருக்கு வந்திருக்கோம்" என்கிறார் அந்தத் தம்பி. அவர் சாய்ந்து நின்ற சுவர் தனுஷ்கோடி ரயில்வே ஸ்டேஷனின் சுவர்.

ஸ்டேஷன் அது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் போட் மெயில் ரயில் ஏறியவர் இங்கே இறங்கிக் கப்பல் மாறுவார். இலங்கையில் தலைமன்னாரில் இறங்கி மறுபடி ரயில், அப்புறம் கொழும்பு. எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். இர்வின், கோஷன் என்று அந்தக் கப்பல்களுக்குப் பெயர்கூட எங்கள் வீட்டில் சொல்வார்கள். இன்றைக்கு ராமேஸ்வரத்தோடு ரயில் நின்றுவிடுகிறது. அன்றைக்குப் பாம்பனிலிருந்து பெரிய பாதை தனுஷ்கோடிக்குத்தான் போனது, ராமேஸ்வரத்துக்குக் கிளைப் பாதை.

என் தாத்தா அந்த பிளாட்பாரத்தில் மூட்டை தூக்கியவர். "மெயில் வந்தாத்தான் நம்ம வீட்ல உலை" என்பார் அப்பத்தா. 1964 புயல் ஊரை அழித்த பிறகு ராமேஸ்வரத்தில் நாற்பது வருஷம் இருந்தும், அவருக்கு "ஸ்டேஷன்" என்றால் தனுஷ்கோடி ஸ்டேஷன்தான்.

வீடியோவால் கூட்டம் வருகிறது, சங்கு, பாசி விற்கிறவர்களுக்கு நாலு காசு கிடைக்கிறது என்கிறீர்கள். சரி, கிடைக்கட்டும். அதற்குப் பேய் எதற்கு? கப்பல் வந்த கதையைச் சொன்னால் கூட்டம் வராதா? "அரசாங்கமே வாழத் தகுதியில்லாத ஊர் என்று அறிவித்ததுதானே" என்று ஒருவர் எழுதியிருந்தார். அறிவித்தது உண்மை. அதற்காக ஊரில் ஆளே இல்லையா? குடிசை போட்டு இன்றும் மீன் பிடிக்கிறார்களே, அவர்கள் யார்? அவர்களிடம்தானே அந்தத் தம்பி வறுத்த மீன் வாங்கிச் சாப்பிட்டார்!

சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறேன் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சர் ரயிலை, தனுஷ்கோடியை நெருங்கும்போது அந்தப் புயலில் கடல் அடித்துக்கொண்டு போனது. நூறு பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். தாத்தாவின் தம்பியும் இருந்தார். கல்யாணத்துக்கு ஜவுளி வாங்கப் போனவர், திரும்பி வந்துகொண்டிருந்தார். உடல் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் அவருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது.

டிசம்பர் வந்தால் அப்பத்தா அந்தச் சுவர் ஓரத்தில்தான் வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிடுவார். அவர் போன பிறகு நான் வைக்கிறேன். வீடியோவில் அந்தத் தம்பி ஏறி நின்று கத்துகிற இடமும் அதுதான்.