வெள்ளை மாளிகைக்கு யார் சமைப்பது?

2008 நவம்பர் 5. அமெரிக்காவில் இன்னும் இரவு, நமக்குக் காலை. ஒபாமா ஜெயித்துவிட்டார் என்று டிவியில் ஓடியதும் ஆபீஸுக்குக் கிளம்பாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அங்கே ஓட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. ஆனாலும் நம் வீட்டு விசேஷம் மாதிரி ஒரு பூரிப்பு.

'மாற்றம்' என்ற முழக்கத்தோடு ஜெயித்தவர் என்பதால் அந்த நேரத்தில் ஆளாளுக்கு ஓர் ஆசை இருந்தது. போர் முடிய வேண்டும், எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும். கலிஃபோர்னியாவில் உணவகம் நடத்தும் ஆலிஸ் வாட்டர்ஸ், பத்திரிகை ஆசிரியர் ரூத் ரைக்கல், நியூயார்க் உணவக முதலாளி டேனி மேயர் ஆகிய மூவருக்கும் வந்த ஆசையே வேறு. வெள்ளை மாளிகைக்கு செஃப் தேர்ந்தெடுக்க நாங்கள் உதவுகிறோம் என்று ஒபாமாவுக்குக் கடிதமே எழுதிவிட்டார்கள். பக்கத்து ஊரில் விளைந்ததை, ரசாயனம் படாததைச் சமைக்கிற ஒருவர் அந்த அடுப்படிக்கு வந்தால், நாடே தன் தட்டில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்கும் என்பது அவர்கள் கணக்கு.

சரி, நல்ல கணக்குதான். ஆனால் அந்த அடுப்படியில் ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தாரே?

கிறிஸ்டெட்டா கமர்ஃபோர்ட். பிலிப்பைன்ஸில் பிறந்தவர். 1995இல் அங்கே வேலைக்குச் சேர்ந்து, பத்து வருஷம் இன்னொருவருக்குக் கீழே உழைத்து, 2005இல் தலைமை செஃப் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். அவரை நியமித்தது யார் தெரியுமா? மாற்றம் கேட்ட கூட்டம் யாரை எப்போது வீட்டுக்கு அனுப்பலாம் என்று துடித்ததோ, அந்த முந்தைய அதிபர் புஷ்ஷின் மனைவி லாரா. 2009 ஜனவரியில் ஒபாமா தம்பதி 'இவரே இருக்கட்டும்' என்று முடிவெடுத்தார்கள். அவர்கள் எடுத்த முடிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

வேடிக்கை என்னவென்றால், செஃப் மாறாமலேயே கடிதக்காரர்களின் ஆசை பாதி நிறைவேறியது. அந்த மார்ச்சில் மிஷெல் ஒபாமா தெற்குப் புல்வெளியைக் கொத்திக் காய்கறித் தோட்டம் போட்டார். நவம்பரில் மன்மோகன் சிங்குக்கு விருந்து வைத்தபோது அந்தத் தோட்டத்துக் கீரையும் தட்டில் இருந்தது.

தோட்டம் போட்டோவுக்கு அழகு. எனக்குப் பெரிதாகப் படுவது 2010 டிசம்பரில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம். பள்ளிச் சாப்பாட்டில் காய், பழம், முழுதானியம் கூடவும் உப்பு குறையவும் வழி செய்தது அது. பள்ளிச் சாப்பாடு எவ்வளவு பெரிய அரசியல் என்று சத்துணவு சாப்பிட்டு வளர்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2017இல் ஆட்சி மாறியதும் உப்பு விதியையும் தானிய விதியையும் தளர்த்தினார்கள். கமர்ஃபோர்ட் மட்டும் அதே இடத்தில் இருந்தார். டிரம்ப்புக்கும் அவர்தான் தலைமை செஃப், பைடனுக்கும் அவர்தான். 2024இல்தான் ஓய்வு பெற்றார். செஃப் யார் என்பதை வைத்து மாற்றத்தை அளந்திருந்தால், பதினைந்து வருஷமாக அமெரிக்காவில் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் எழுதியிருக்க வேண்டும்.

அதற்காகச் சமையலறை வழியாக மாற்றமே வராது என்று சொல்ல மாட்டேன். கென்னடி குடும்பம் 1961இல் ரெனே வெர்டோன் என்ற பிரெஞ்சு செஃப்பைக் கொண்டுவந்தது. அப்போது ஊரே அவரைப் பற்றித்தான் பேசியது. கென்னடிக்குப் பிறகு அதிபராக வந்த ஜான்சனுடன் அவருக்கு ஒத்துவரவில்லை. உறைய வைத்த காய்கறியை எல்லாம் சமைக்கச் சொல்கிறார்களே என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். (இந்த விஷயத்தில் நான் வெர்டோன் கட்சி.)

ஆனால் ஜான்சன் வீட்டுக்கு 1942இலிருந்தே சமைத்தவர் ஸெஃபைர் ரைட், டெக்சாஸைச் சேர்ந்த கறுப்பினப் பெண். வாஷிங்டனுக்கும் டெக்சாஸுக்கும் இடையே காரில் போகும்போது வழியில் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் அவரை உள்ளே விட மாட்டார்கள். கழிப்பறைக்கும் இடமில்லை, சாலையோரம்தான் ஒதுங்க வேண்டும். ஒரு கட்டத்தில் இனி அந்தப் பயணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இனப்பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வேண்டும் என்று ஜான்சன் இந்தக் கதையைத்தான் அரசியல்வாதிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லி வாதாடினார்.

2008இல் அந்த மூவரும் தேடியது இன்னொரு வெர்டோனை. ஸெஃபைர் ரைட்டை எந்தக் குழுவும் கடிதம் போட்டுத் தேர்ந்தெடுத்திருக்காது. 1964 ஜூலை 2ஆம் தேதி அந்த சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டபோது, ஜான்சன் அதற்குப் பயன்படுத்திய பேனாக்களில் ஒன்றை எடுத்து அந்தச் சமையல்காரம்மாவின் கையில் கொடுத்தார்.