அந்தப் படம் வன்னியின் கதை அல்ல

‘கப்டிவ் ஸ்டேட்’ என்ற ஹொலிவூட் படம் வன்னிப் போரை வேற்றுக்கிரகவாசிகளின் கதையாக மாற்றி எடுத்தது என்றும், அதில் வரும் இடிபாடுகள் கிளிநொச்சியில் படமாக்கப்பட்டவை என்றும் ஒரு வட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. கூடவே, சரிந்து கிடக்கும் தண்ணீர்த் தாங்கியின் படம். செய்தி சொல்லும் இரண்டுமே பொய்.

2019 மார்ச்சில் வெளியான அந்தப் படத்தை இயக்கியவர் ரூபர்ட் வயட். கதை நடப்பதும் படமாக்கியதும் அமெரிக்காவின் சிக்காகோ நகரில்தான். பூமியைப் பிடித்த வேற்றுக்கிரகவாசிகள் நிலத்தடியில் இருந்து ஆள்கிறார்கள். மனிதரின் உடலில் கண்காணிப்புக் கருவி பதிக்கப்படுகிறது. ஒரு சிறு குழு இரகசியமாக எதிர்க்கிறது. ஜோன் குட்மன் பொலிஸ் அதிகாரியாக வருகிறார். வன்னி என்ற பேச்சே அதில் இல்லை.

தண்ணீர்த் தாங்கி நிஜமானது. ஏ9 வீதியோரம் கிளிநொச்சியில் நின்றது, போரின் இறுதிக் கட்டத்தில் வீழ்ந்தது. அதில் தண்ணீர் குடித்த சனம் இன்னும் இங்கே இருக்கிறது. அதைச் சினிமாவில் வந்த இடிபாடு என்று பகிர்வதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. தயவுசெய்து அந்தத் தாங்கியின் படத்தை உங்கள் போனில் இருந்து அழித்துவிடுங்கள்.

செய்தியை நம்பி, எங்கட கதையைத் தேடி, ஒன்றே முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் ‘கப்டிவ் ஸ்டேட்’ படத்தைப் பார்த்தவர்கள் ஏமாந்துதான் எழும்புகிறார்கள். நானும் பார்த்தேன். ஊர்ந்து போகிற படம். யார் யாருக்குத் தகவல் கடத்துகிறார்கள் என்று விளங்குவதற்குள் பாதி முடிந்துவிடுகிறது. பாத்திரங்கள் மனதில் ஒட்டவேயில்லை. திரையரங்குகளிலும் அது தோற்றது: சுமார் 25 மில்லியன் டொலர் செலவு, வசூல் 9 மில்லியனைக்கூடத் தொடவில்லை. “உண்மையைச் சொன்னதால் முடக்கினார்கள்” என்று செய்தியின் கடைசி வரி சொல்வதும் தவறு. அமெரிக்கத் திரையரங்குகளில் வெளிப்படையாகவே ஓடியது. பார்க்க ஆள் வரவில்லை.