நீல் புக்கானன் பேங்க்ஸி அல்ல

‘ஆர்ட் அட்டாக்’ என்ற குழந்தைகளுக்கான தொலைக்காட்சிக் கலை நிகழ்ச்சியின் தொகுப்பாளர் நீல் புக்கானன்தான், முகம் காட்டாத சுவரோவியர் பேங்க்ஸி என்று ஒரு பதிவு மீண்டும் வலம் வருகிறது. அது உண்மையல்ல.

2020 செப்டம்பரில் இந்த வதந்தி பரவியபோதே, அதில் உண்மை இல்லை என்று புக்கானன் தம் இணையதளத்தில் மறுத்துவிட்டார். பிபிசி அப்போது வெளியிட்ட செய்தியை இன்றும் தேடிப் படிக்கலாம். பதிவு காட்டும் ஒரே ‘ஆதாரம்’, அவர் கிதார் வாசித்த மார்செய் இசைக்குழு சென்ற ஊர்களில் பேங்க்ஸியின் ஓவியங்கள் தோன்றின என்பது. இசைக்குழுக்களும் பேங்க்ஸியும் பெருநகரங்களுக்குத்தானே போவார்கள்? அது எதையும் நிரூபிக்காது.

அவரை நினைவுகூர இந்தக் கதை தேவையே இல்லை. 1990 முதல் 2007 வரை பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சியில் வந்த அந்த நிகழ்ச்சியில், பழைய செய்தித்தாளும் அட்டைப்பெட்டியும் பசையும் போதும், நீயும் கலைஞன்தான் என்று குழந்தைகளை நம்பவைத்தவர் அவர். துணிகளையும் அன்றாடப் பொருள்களையும் தரையில் பரப்பி அவர் உருவாக்கும் பிரம்மாண்டச் சித்திரம், கேமரா மேலே எழும்பும்போதுதான் முழுதாகப் புலப்படும். அந்தக் கணம் எத்தனை அழகு!

மறுப்புச் சொன்ன மனிதர்மீது மறுபடியும் அதே கதையைச் சுமத்த வேண்டாம். அந்தப் பதிவு வந்தால் பகிராதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தை அனுப்புங்கள்.